மனசு வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு

இந்த மாதத்தில் இப்படிக் காயத்தோடு என்னிடம் வந்தவர்களில் இவர் 4-வது ஆள். 8 மாதம் உடற்பயிற்சி பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று வேகம் வந்து, முன்பு ஓடிய அதே 5 கிலோமீட்டரை அதே வேகத்தில் ஓடியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை நொண்டிக்கொண்டே என் அறைக்குள் வந்தார். கெண்டைக்கால் தசையில் கிழிசல். "இத்தனை நாள் ஆர்வமே வரல சார். இப்பத்தான் வந்தது, அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு" என்றார்.

பிசியோதெரபிஸ்ட் வேலையில் எனக்குச் சலித்துப்போன பேச்சு இதுதான். ஆர்வம் என்ன, சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டும் விருந்தாளியா? உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நடக்கத் தோன்றாது. யாருக்குமே தோன்றாது, எனக்கும்தான். முதல் சில நிமிடங்களில் இதயமும் நுரையீரலும் தசைகளின் தேவைக்கு ஈடுகொடுக்கத் திணறும். மூச்சு வாங்கும், கால் கனக்கும். அதைத் தாண்டினால் உடம்பு தானாகவே சீராகிவிடும். நாற்காலியில் உட்கார்ந்தபடி நாம் கற்பனை செய்வதெல்லாம் அந்தத் திணறலைத்தான். பிறகு எப்படி ஆசை வரும்? நடக்க ஆரம்பித்து 10 நிமிடம் ஆன பிறகு கேட்டுப் பாருங்கள், பாதியில் திரும்ப மனசு வராது. செய்யச் செய்யத்தான் ஆர்வம் வரும். இதை நான் தினமும் சொல்கிறேன், தினமும் தலையாட்டுகிறார்கள், அப்புறம் "மூடு வரட்டும் சார்" என்கிறார்கள்.

இன்னொன்று, "21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்ற கணக்கு. 22-வது நாளும் அலுப்பாக இருந்தால் தன்மேல்தான் ஏதோ கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் பாதிப் பேருக்கு 66 நாளோ அதற்கு மேலோ ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வித்தியாசம் இருந்தது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவும் இல்லை. ஆகவே ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் செய்யுங்கள், அவ்வளவுதான்.

பிசியோதெரபிஸ்டுகளான எங்கள் மீதும் தப்பு உண்டு. 12 பயிற்சிகளை ஒரே தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவோம். நானும் கொடுத்திருக்கிறேன். ஒருவர்கூடச் செய்ததில்லை. இப்போது 2 பயிற்சிதான் கொடுக்கிறேன்.

சரி, மறுபடி தொடங்குகிறீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். பழைய அளவில் பாதி, முடிந்தால் அதற்கும் கீழே. தசை சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும், அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் தயாராகும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. நடுத்தர வேகத்துக்கு இந்த அளவுகோல் போதும். வாரம் 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இலக்கு, முதல் வாரத்துக்கான வீட்டுப்பாடம் இல்லை. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் 2020-ல் எடுத்துவிட்டார்கள். 5 நிமிடமும் கணக்கில் சேரும்.

மறுநாள் உடம்பு வலித்தால் பயப்பட வேண்டாம். சுரீரென்ற வலி, வீக்கம் என்றால் நிறுத்துங்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் அடர் பழுப்பாகப் போனாலோ, நெஞ்சு இறுக்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் பயிற்சியின் அளவைக் கூட்டாதீர்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பயிற்சியில் மட்டுமில்லாமல் பிடித்த எல்லாவற்றிலும் ஈடுபாடு போய், தூக்கமும் பசியும் மாறி, 2 வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம். எப்போதும் அசதி என்றால் தைராய்டு, ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பெண்மணியை "நீங்க முயற்சியே பண்றதில்லை" என்று நான் கடிந்துகொண்டிருக்கிறேன். தைராய்டு சுரப்பு ரொம்பக் குறைவு என்று பிறகுதான் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கெண்டைக்கால்காரர் அடுத்த வாரம் வருகிறார். வலி குறைந்துவிட்டது என்று அதற்குள் ஓடிப் பார்த்துவிட்டு வந்தால் திட்டு விழும் என்று இப்போதே சொல்லி அனுப்பியிருக்கிறேன்.