20-ம் தேதி ராத்திரி ஓடிபி சொல்ல மறுத்த பாய்

ஒரு மாதம் 20-ம் தேதி, ராத்திரி ஒன்பதரை மணி. ஆம்பூரில் ஷூவுக்கு அப்பர் (மேல்பாகம்) தைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன யூனிட்டின் 3பி ரிட்டர்ன், அதாவது அன்றைக்குள் போட வேண்டிய மாதாந்தர ஜிஎஸ்டி கணக்கு, மட்டும் பாக்கி. பணம் கட்டியாயிற்று, கணக்கும் சரி. முதலாளியின் போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டால் வேலை முடிந்தது. அந்த நேரம் பார்த்து என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டேன்.

"பாய், ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

"யாரு?"

"நான்தான் பாய், காட்பாடி ஆடிட்டர்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "குரல் அவர் குரல் மாதிரித்தான் இருக்கு. ஆனா நம்பர் வேற. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்கன்னு பையன் சொல்லியிருக்கான். தப்பா நினைக்காதீங்க."

வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவே இல்லை. ரிட்டர்ன் மறுநாள்தான் போனது. ஒரு நாள் தாமதக் கட்டணம் 50 ரூபாய். வரிப் பணம் கெடு தேதிக்கு முன்பே ஜிஎஸ்டி போர்ட்டலில் அவருடைய ரொக்கப் பேரேட்டில் (கட்டிய பணம் வரவாகும் கணக்கில்) ஏறியிருந்ததால் வட்டி விழவில்லை. அந்த 50 ரூபாயை என் ஃபீஸில் கழித்துக்கொண்டேன். அன்று ராத்திரி எனக்குக் கோபம்தான். காலையில் காபி குடிக்கும்போதுதான் அவர் பக்கம் நின்று யோசித்துப் பார்த்தேன். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி.

2020 லாக்டவுன் வரைக்கும் சத்துவாச்சாரியில் எனக்கு ஒரு சின்ன ஆபீஸ் இருந்தது. (ஊரில் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சிஏ படித்தவன் இல்லை, ஜிஎஸ்டி பிராக்டிஷனர். இதைப் புதிதாக வரும் எல்லாரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.) மஞ்சள் பையில் பில்களைப் போட்டுக்கொண்டு குடியாத்தத்திலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். மானிட்டரை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துத்தான் ரிட்டர்ன் போடுவேன். பாதி புரியும், பாதி புரியாது. ஆனால் கண்ணெதிரே நடக்கும். லாக்டவுனில் ஆபீஸைக் காலி செய்து வீட்டுக்கு வந்தேன். வாடகை மிச்சம், பஸ் செலவு அவர்களுக்கு மிச்சம் என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

எது போயிற்று என்பது அந்த 50 ரூபாய்க்குப் பிறகுதான் உறைத்தது. வீட்டிலிருந்து வேலை செய்ய ஆரம்பித்தபின் நான் அவர்களிடம் பேசியதெல்லாம் மூன்றே வாக்கியம்: பில் அனுப்புங்க, பணம் கட்டுங்க, ஓடிபி சொல்லுங்க. போனில் வரும் மோசடிக்காரனும் இதையேதான் கேட்கிறான். எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம் என்று பாய்க்கு நான் எதைக் காட்டியிருந்தேன்?

இப்போது முறையை மாற்றிவிட்டேன். 14-ம் தேதி 2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) வந்ததும், அவர் வாங்கிய பில்லில் எதெது அதில் ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். அடுத்த ஓரிரு நாளில் ஒரு வாய்ஸ் மெசேஜ், ஒன்றரை நிமிடம். போன மாத விற்பனை இவ்வளவு, வாங்கினது இவ்வளவு, கிரெடிட் (வாங்கும்போதே கட்டிய வரியில் கழித்துக்கொள்வது) இவ்வளவு, கையிலிருந்து கட்ட வேண்டியது இவ்வளவு. எந்த சப்ளையர் பில்லை ஏற்றவில்லை என்பதையும் பெயரோடு சொல்லிவிடுவேன். அந்தக் கிரெடிட் இந்த மாதம் கிடைக்காது என்பது கசப்பான சேதி. அதை 20-ம் தேதி சொன்னால் நம்மேல் எரிச்சல் வரும். 15-ம் தேதி சொன்னால் அவரே சப்ளையரைப் பிடித்து உலுக்குவார். கணக்கை மொத்தமாக எழுதி அனுப்பினால் யாரும் திறப்பதில்லை. குரலில் சொன்னால் கடையில் நின்றபடியே கேட்டுவிடுகிறார்கள்.

அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகுதான் செலான் (வரி கட்டும் சீட்டு). ஓடிபி கேட்பது ஒரே நம்பரிலிருந்து மட்டும், முன்கூட்டிச் சொன்ன நேரத்தில் மட்டும். எஸ்எம்எஸ்ஸில் ஜிஎஸ்டி என்று இருக்கிறதா என்று அவரையே முதலில் படிக்கச் சொல்வேன். வங்கிப் பெயரோ வேறு எதுவோ இருந்தால் எனக்கும் சொல்லக்கூடாது. ரிட்டர்ன் போனதும் அதன் பிடிஎஃப்பை அனுப்பிவிடுவேன். பத்து நிமிட வேலை கூடுகிறது, அவ்வளவுதான்.

வியாபாரிகளுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். வரிப் பணத்தை உங்கள் கணக்குப் பார்ப்பவருக்கு ஜிபே பண்ணாதீர்கள். செலானை வாங்கி உங்கள் வங்கியிலிருந்து நீங்களே கட்டுங்கள். செலான் 15 நாள் செல்லும், கெடு தேதிக்குள் கட்டினால் போதும்.

அதைவிட முக்கியம், ஜிஎஸ்டி பதிவில் யாருடைய போன் நம்பரும் இ-மெயிலும் இருக்கிறது என்பது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது இருந்த அவசரத்தில், "எதுக்கு சார் உங்களுக்குத் தொல்லை" என்று கணக்குப் பார்ப்பவர்களே தங்கள் நம்பரைப் போட்டுவிட்டார்கள். வசதியாகத்தான் இருந்தது. என்னிடம் இரண்டு வருடம் முன்பு வந்த ஒரு மளிகைக் கடைக்காரருக்கு, தன் கரன்ட் அக்கவுன்ட் முடங்கிய பிறகுதான் தன் பெயரில் நோட்டீஸ் வந்ததே தெரிந்தது. நோட்டீஸ், நினைவூட்டல், கடைசியில் ஆர்டர் என்று எல்லாம் போர்ட்டலில் வரிசையாக இருந்தது. இ-மெயில் முன்பு கணக்குப் பார்த்த ஆளுக்குப் போயிருக்கிறது. அவர் தொழிலையே விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். ஆர்டர் கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம். இரண்டுமே தாண்டியிருந்தது. இனி உயர் நீதிமன்றம்தான். போர்ட்டலில் மட்டும் போட்ட நோட்டீஸ் கண்ணில் படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன வியாபாரிகள் ஏராளம்.

இன்றைக்கே உங்கள் பதிவைத் திறந்து பாருங்கள். லாகின் உங்களிடம் இருந்தால் நம்பரையும் மெயிலையும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். லாகினே தெரியாது என்றால் உங்கள் பதிவு மாநிலத்தின் கீழா மத்தியத்தின் கீழா என்று பார்த்து, அந்த அதிகாரியிடம் அடையாள ஆவணங்களோடு நேரில் போய் மாற்றச் சொல்லிக் கேட்கலாம். நான் என் பார்ட்டிகள் எல்லாருக்கும் அவரவர் நம்பரையே போட்டுவிட்டேன். நாளைக்கு என்னைப் பிடிக்காமல் வேறொருவரிடம் போனால் தடையில்லாமல் போகலாம். அதற்கப்புறம் யாரும் போகவில்லை என்பது வேறு விஷயம்.

கூப்பிடும் நேரமும் ஒரு விஷயம். ஆம்பூர், மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு ஆட்களை வெள்ளிக்கிழமை மதியம் கூப்பிடுவதில்லை, ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்திலும். குடியாத்தத்துக்காரர்களை வைகாசி முதல் தேதியை ஒட்டிக் கூப்பிட்டுப் பயனில்லை. கெங்கையம்மன் சிரசு திருவிழா அன்று ஊரே தெருவில் இருக்கும். மே மாத பில் வேலைகளை அதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுவேன். பெங்களூரில் இருந்துகொண்டு எல்லாருக்கும் ஒரே நாளில் ரிமைண்டர் தட்டிவிடும் சாஃப்ட்வேருக்கு இது தெரியாது.

வருடத்துக்கு ஒரு முறை, மார்ச்சுக்கு முன்னால், நேரில் போய்விடுவேன். ஆன்லைனில் எல்லாம் முடிகிறபோது இது எதற்கு என்று நானே நினைத்ததுண்டு. போன வருடம் பாயின் யூனிட்டுக்குப் போனேன். தையல் மெஷின் சத்தத்தில் பேச முடியாமல் பின்பக்கம் கூட்டிப்போனார். சந்துக்கு எதிரே ஒரு ஷெட், உள்ளே கட்டுக் கட்டாக அப்பர்.

"இது எப்போ எடுத்தீங்க?"

"அது ஆச்சு சார், ஆறு மாசம்."

கூடுதல் இடம் எடுத்தால் 15 நாளில் பதிவில் சேர்க்க வேண்டும். ஆறு மாதமாக மாதா மாதம் பேசியிருக்கிறோம், எத்தனை வாய்ஸ் மெசேஜ். அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அங்கேயே உட்கார்ந்து வாடகை ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து, அன்று சாயங்காலமே திருத்தத்துக்கு விண்ணப்பித்தேன். சோதனைக்கு வரும் ஜிஎஸ்டி அதிகாரிகள் அந்த ஷெட்டை எனக்கு முன்னால் பார்த்திருந்தால் கதை வேறு. சாப்பிடாமல் விடவில்லை. ஆம்பூரில் மதியத்தில் ஒருவர் வீட்டுக்குப் போய் சாப்பிடாமல் வர முடியாது.

அதற்கடுத்த மாதத்திலிருந்து பாய் புது வழக்கம் ஒன்று வைத்திருக்கிறார். குரலைக்கூட இப்போது போலியாகச் செய்கிறார்கள் என்று பையன் சொன்னானாம். ஓடிபி சொல்வதற்கு முன்னால் என்னை ஒரு கேள்வி கேட்பார், சரியான நம்பரிலிருந்து கூப்பிட்டாலும். போன தடவை கேட்டது: "நம்ம வீட்டுக்கு வந்தப்போ என்ன சாப்பிட்டீங்க?"

"மட்டன் பிரியாணி. கத்திரிக்காய் வைக்க மறந்துட்டீங்க பாய்."

"சரி, எழுதிக்கோங்க," என்று ஆறு எண்ணையும் சொன்னார்.