ஸ்டால்: தூக்குவிசை இழப்பு

டீ ஸ்டாலும் புத்தக ஸ்டாலும் நமக்குப் பழக்கமானவை. விமானிகளை நடுங்க வைக்கும் ஸ்டாலும் அதே சொல்தான். விமான விபத்துச் செய்தியில் இச்சொல் வந்தால், 'எஞ்சின் நின்றுவிட்டது' என்று தமிழில் எழுதிவிடக் கை துடிக்கும். அப்படி எழுதினால் செய்தியே தவறாகிவிடும்.

பழைய ஆங்கிலத்தில் இதற்கு நிற்குமிடம், மாட்டுத் தொழுவம் என்று பொருள். அதிலிருந்து ஒரு கிளை சந்தையில் கடை போடும் இடத்தைக் குறித்தது. இன்னொரு கிளை 'மேலே நகராமல் நின்றுபோதல்' என்ற வினையாயிற்று. நடுச்சாலையில் கார் எஞ்சின் நின்றால் ஆங்கிலேயர் இந்த வினையைத்தான் சொல்வார்கள். விமானத்துறையும் அதையே எடுத்துக்கொண்டது. ஆனால் விமானத்தில் நின்றுபோவது எஞ்சின் அல்ல, இறக்கை செய்துவந்த வேலை.

இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிக் காற்று வழுக்கிச் செல்லும்வரை விமானத்தைத் தூக்கும் விசை இருக்கும். விமானத்தின் மூக்கை உயர்த்த உயர்த்த, எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணம் கூடுகிறது, தூக்குவிசையும் கூடுகிறது. ஓர் எல்லை வரைதான். சாதாரண இறக்கைகளுக்குச் சுமார் 15 பாகையைத் தாண்டினால், காற்று மேற்பரப்பைப் பற்றிச் செல்ல முடியாமல் பிய்த்துக்கொண்டு சுழல்கிறது. தூக்குவிசை சரிகிறது. இதுதான் ஸ்டால். எஞ்சின்கள் முழு வேகத்தில் முழங்கிக்கொண்டிருக்கும்போதும் இது நிகழும்.

பிற மொழியினர் இதற்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'தேக்ரோஷாஜ்' என்கிறார்கள்: கொக்கியிலிருந்து கழன்றுபோதல். ஜெர்மானியர் சொல்லுக்கு ஓட்டம் அறுபடுதல் என்று பொருள். என் கணிப்பில் ஜெர்மன் சொல்லே காரணத்தை நேராகச் சொல்கிறது. ஆங்கிலச் சொல்தான் மூன்றிலும் மங்கலானது. நாம் கடன் வாங்கியதோ அதைத்தான்.

2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குப் பறந்த ஏர் பிரான்ஸ் 447, சுமார் 35,000 அடி உயரத்தில் அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்தது. வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தன. வேகக் கணக்கு குழம்பியதும், விமானத்தைத் தானே இயக்கிவந்த ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. அந்த அடைப்பு நீடித்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவே. அதற்குள் விமானத்தை இயக்கிய துணை விமானி மூக்கை உயர்த்திவிட்டார். விமானம் சுமார் 38,000 அடிவரை ஏறித் தூக்குவிசையை இழந்தது. 'ஸ்டால், ஸ்டால்' என்ற எச்சரிக்கைக் குரல் தொடர்ந்து 54 விநாடிகள் ஒலித்தது. பின்னர் கொடுமையான ஒரு குழப்பம்: பதிவான வேகம் மிகவும் குறைந்தபோது கணினி கோண அளவை நம்பாமல் எச்சரிக்கையை நிறுத்திவிட்டது. மூக்கைத் தாழ்த்தியபோது, அதாவது சரியானதைச் செய்தபோது, பதிவான வேகம் கூடியதால் எச்சரிக்கை மறுபடி ஒலித்தது. ஆட்டோபைலட் விலகியதிலிருந்து நான்கரை நிமிடத்துக்குள் விமானம் கடலில் மோதியது. 228 பேரும் இறந்தார்கள். எஞ்சின்கள் கடைசிவரை இயங்கின.

விமானிகள் தாங்கள் ஸ்டாலில் இருப்பதை உறுதியாக அடையாளம் காணவே இல்லை என்றது பிரெஞ்சு விசாரணை அமைப்பின் 2012ஆம் ஆண்டு அறிக்கை. இதை 'மனிதப் பிழை' என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஏனென்றால், அவ்வளவு உயரத்தில் விமானத்தைக் கையால் இயக்கவும், வேகமானி நம்ப முடியாதபோது என்ன செய்வதென்றும் அவர்களுக்குப் பயிற்சியே தரப்படவில்லை என்பதையும் அதே அறிக்கை பதிவுசெய்தது. அக்காலப் பயிற்சியில் ஸ்டால் நெருங்கும் முதல் அறிகுறியிலேயே எஞ்சின் விசையைக் கூட்டி, உயரம் குறையாமல் மீள்வதுதான் பாடம். முழுமையான ஸ்டாலுக்குள் போய் மீண்டு வரும் பயிற்சி, பயணிகள் விமானங்களை ஓட்டுவோருக்கு அப்போது அரிதாகவே இருந்தது. உயரத்தை விட்டுக்கொடுத்தாலும் முதலில் மூக்கைத் தாழ்த்து என்ற வரிசை பிறகுதான் முன்னுக்கு வந்தது. முழு ஸ்டாலைச் சிமுலேட்டரில் பழகவேண்டும் என்று அமெரிக்கா 2013இல் விதி செய்தது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'நின்றுபோதல்', 'முடக்கம்' இரண்டும் எஞ்சினை நினைவூட்டுவதால் விலக்கவேண்டியவை. 'ஏற்ற இழப்பு' சுருக்கமானது. ஆனால் மேலேறுவதையும் ஏற்றம் என்பதால் பொருள் மயங்கும். ஏர் பிரான்ஸ் விமானம் ஏறும்போதல்லவா இதில் சிக்கியது! 'தூக்குவிசை இழப்பு' சற்று நீளம்தான். ஆனாலும் எது போயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறது. 'தூக்குவிசை இழப்பு எச்சரிக்கை', 'தூக்குவிசை இழப்பிலிருந்து மீளும் பயிற்சி' என்று தொடர்களும் இடறாமல் வருகின்றன. விமானி அறையில் ஒலிக்கும் குரலை அப்படியே மேற்கோள் காட்டும்போது மட்டும் 'ஸ்டால்' என்றே எழுதலாம். மற்ற இடங்களில்: 'எஞ்சின்கள் இயங்கிக்கொண்டிருந்தபோதே விமானம் தூக்குவிசையை இழந்து கடலில் விழுந்தது.'