பழைய மேக்னமும் லேசான குண்டும்

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மாமனார் வைத்திருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19 ரிவால்வர் இப்போது அவர் கையில். .357 மேக்னம் என்ற பலமான தோட்டாவைச் சுடும் ரகம். தோட்டாக்களை வீட்டிலேயே தானே நிரப்பிக்கொள்கிறார். "வயசான துப்பாக்கி. குண்டு லேசாக இருந்தால் அதற்கு நல்லதுதானே?"

நல்லதில்லை. முழு மேக்னம் வேகத்தில் சுடுவதாக இருந்தால் அந்தத் துப்பாக்கிக்கு லேசான குண்டுதான் பெரிய எதிரி. ஏன் என்று பார்க்கப் புகுந்தால் அழகான இயற்பியல் கிடைக்கிறது.

தெரிந்த கதையை வேகமாகத் தாண்டிவிடுவோம். ஊசி தோட்டாவின் அடியிலுள்ள பிரைமர் என்ற பற்றவைப்பு மூடியைத் தட்டுகிறது, நைட்ரோசெல்லுலோஸ் மருந்து பற்றுகிறது, வாயு குண்டைத் தள்ளுகிறது. மருந்து எரியும் வேகம் அழுத்தம் ஏற ஏற அதிகரிக்கும். எரியும் வேகம் கூடினால் அழுத்தம் இன்னும் ஏறும். இந்தச் சுழலைக் கட்டுக்குள் வைப்பது முன்னே நகரும் குண்டுதான். அது நகர நகர வாயுவுக்கு இடம் பெருகுகிறது. .357 மேக்னத்துக்கு இன்று அனுமதிக்கப்படும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 2,400 மடங்கு.

இனி மெதுவாகப் போகலாம். ரைஃபிளில் தோட்டா இருக்கும் அறையும் குழலும் ஒட்டிய ஒரே பாதை. ரிவால்வரில் அப்படியில்லை. அறை சுழலும் சிலிண்டரில் இருக்கிறது, குழல் தனியாக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே சுமார் 0.15 மில்லிமீட்டர் இடைவெளி. அது இல்லாவிட்டால் சிலிண்டர் சுழலாது. குண்டு ஒவ்வொரு முறையும் இந்த இடைவெளியைத் தாண்டித்தான் குழலுக்குள் நுழைய வேண்டும். ஆறு அறைகளும் குழலோடு மயிரிழை பிசகாமல் நேர்கோட்டில் நிற்பதும் இல்லை. அதனால் குழலின் பின்வாயைப் புனல்போல விரித்துக் கடைந்திருப்பார்கள். ஃபோர்சிங் கோன் என்பது அதுதான். சற்று விலகி வரும் குண்டையும் இந்தப் புனல் நடுவுக்கு இழுத்துக்கொள்கிறது.

குண்டு இந்தப் புனலுக்குள் இறுக அடைக்கும்வரை வாயுவுக்கு வழி திறந்தே இருக்கிறது. 158 கிரெயின் குண்டு, அதாவது சுமார் 10 கிராம், நீளமானது. அதன் முன்பகுதி புனலுக்குள் போய்விட்டபோதும் அடிப்பகுதி இன்னும் சிலிண்டருக்குள் இருந்து வாயுவை அடைத்துக்கொண்டிருக்கும். 125 கிரெயின் குண்டு குட்டை. அதன் அடிப்பகுதி சீக்கிரமே வெளியே வந்துவிடுகிறது. லேசான குண்டு விரைவாக முன்னே ஓடிவிடுவதால், அதன் பின்னால் அழுத்தம் விழாமலிருக்க மெதுவாக எரியும் மருந்தை அதிகமாகப் போடுவது வழக்கம். எனவே தாண்டும் அந்தக் கணத்தில் எரிந்து முடியாத மருந்துத் துகள்களும், எஃகின் உருகுநிலையைவிடச் சூடான வாயுவும் குண்டின் ஓரமாகப் பீறிட்டுப் புனலின் சுவரில் மோதுகின்றன.

எஃகு உருகி ஓடாததற்குக் காரணம் நேரம் போதாமை. ஒரு வினாடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் மேற்பரப்பு மட்டும் பயங்கரமாகச் சூடேறி விரியப் பார்க்கிறது, அடியிலுள்ள குளிர்ந்த எஃகு விட மறுக்கிறது. உடனே ஆறிச் சுருங்கும்போது இழுபடுகிறது. நூற்றுக்கணக்கான முறை இப்படி நடந்தபின் புனலின் உட்பரப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள், வற்றிய குளத்தின் வண்டல் போல வலைவலையாக வெடித்திருக்கும்.

மாடல் 19-இல் ஒரு தனிச்சிக்கல் உண்டு. 1935-இல் வந்த முதல் .357 ரிவால்வர் பெரிய உடல்வாகு கொண்டது. இடுப்பில் நாள்முழுக்கச் சுமக்க இலகுவாக ஒன்று வேண்டும் என்று எல்லைக் காவல் அதிகாரி பில் ஜோர்டன் வலியுறுத்த, .38 ஸ்பெஷல் என்ற பலம் குறைந்த தோட்டாவுக்குப் பழக்கமான நடுத்தரச் சட்டகத்தில் 1955-இல் இது வந்தது. இடம் போதாததால், சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கைக்கு வழிவிட்டுப் புனலின் அடிப்பக்கம் தட்டையாகச் செதுக்கப்பட்டது. கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடம். சுவர் அங்கேதான் மெல்லிசு, விரிசலும் அங்கேதான் விழுகிறது. இதே துப்பாக்கியில் .38-ஐயும் சுடலாம். காவலர்கள் .38-இல் பயிற்சி செய்து மேக்னத்தைப் பணிக்கு மட்டும் போட்டுக்கொண்டவரை பிரச்சினை பெரிதாக எழவில்லை. பயிற்சிக்கும் மேக்னம், அதுவும் வேகமான 125 கிரெயின் குண்டு என்று ஆனபிறகே குழல்களில் விரிசல் விழத் தொடங்கியது.

இங்கே ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். சுட்ட பிரைமர் தட்டையாகியிருக்கிறதா என்று பார்த்து அழுத்தத்தைக் கணிப்பவர்கள் ஏராளம். பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. பிரைமரின் உலோகம் மென்மையா கடினமா என்பதைப் பொறுத்தே அந்தத் தோற்றம் மாறும். பழைய கையேட்டில் 46,000 என்றும் புதியதில் 35,000 என்றும் இருப்பதைக் காட்டி, "பயந்துபோய்ப் பலத்தைக் குறைத்துவிட்டார்கள், பழைய அளவுதான் உண்மை" என்பாரும் உண்டு. முன்னது செப்பு உருளை நசுங்கும் அளவை வைத்துக் கணித்த எண். பின்னது அழுத்தத்தை மின்சமிக்ஞையாக மாற்றும் உணரி தந்தது. இரண்டும் வெவ்வேறு அலகு, ஒப்பிடவே கூடாது. செப்பு உருளை ஒற்றை எண்ணோடு நின்றுவிடும். உணரியோ அழுத்தம் ஏறி இறங்கும் வளைகோட்டையே வரைந்து தருகிறது. அந்தக் கோட்டைப் பார்த்து எழுதப்பட்ட கையேடுகள் கைக்கெட்டும்போது சகுனத்தை நம்புவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

வாசகருக்கு என் பதில் இதுதான். 158 கிரெயின் குண்டு, நடுத்தர வேகம், மருந்து தயாரித்தவரின் இன்றைய கையேட்டில் உள்ள தொடக்க அளவு. மெதுவாக எரியும் மேக்னம் மருந்துகளை மிதமாக்க நினைத்துக் கையேட்டின் கீழ்வரம்புக்கும் கீழே குறைக்காதீர்கள். அவை சரியாகப் பற்றாமல் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளலாம், அடுத்த தோட்டா அதன் பின்னால் போய் முட்டும். மிதமாகச் சுட வேகமாக எரியும் மருந்தே பொருத்தம். ஆனால் அது தோட்டாவின் பித்தளைக் கூட்டின் அடியில் சிறிதளவே கிடக்கும், தவறி இரண்டு முறை ஊற்றினாலும் வழியாது. ஆகவே குண்டை அழுத்துமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பாருங்கள். .38 அளவு பலம் போதுமென்றால் அதையும் .357 கூட்டிலேயே, அதற்கான கையேட்டு அளவுப்படி நிரப்புங்கள். .38-இன் குட்டைக் கூட்டைப் போட்டால் அறைக்குள் கரி வளையம் படிந்து, பிறகு நீளக்கூடு இறுகும்.

முதல் தோட்டாவை நிரப்புவதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சிலிண்டரைத் திறந்து புனலின் கரியைத் துடைத்துவிட்டு, அடிப்பக்கத் தட்டையை நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பாருங்கள். நூல்போல ஒரு கோடு தெரிந்தால் சுட வேண்டாம். துப்பாக்கித் தொழிலறிஞரிடம் கொண்டுபோங்கள்.