ஒரே நாடு, ஒரே சந்தா: கல்லூரி வாசல் வரை வந்துவிட்ட 13,000 ஆய்விதழ்கள்

தருமபுரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, மூட்டில் இறுக்கம் என்று அந்த வட்டாரத்துக்காரர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே இதுதான் முக்கியக் காரணம். அரசுக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. படிக்கும் மாணவி இதைத் தன் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாறையிலிருந்து ஃப்ளோரைடு எப்படித் தண்ணீரில் கரைகிறது என்பது நிலவியல். உடம்புக்குள் போய் அது என்ன செய்கிறது என்பது மருத்துவம். அதை வடிகட்டுவது பொறியியல். அந்த வடிகட்டி ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டால் அது பொருளாதாரம்.

நான்கு துறைக்கும் தனித்தனி ஆய்விதழ்கள் இருக்கின்றன. இணையத்தில் தேடினால் கட்டுரைகள் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றைத் திறந்தால் பத்து வரியில் ஒரு சுருக்கம். அதன் கீழே ஒரு பெட்டி. முழுவதும் படிக்க வேண்டுமானால் 30 டாலர், 40 டாலர் கட்டு என்கிறது அது. ஒரே ஒரு கட்டுரைக்கு! ஒழுங்கான ஆய்வேட்டுக்கு ஐம்பது அறுபது கட்டுரைகளாவது புரட்ட வேண்டும்.

அந்தப் பெட்டியை நம் மாணவர்களின் கண்ணில் படாமல் செய்வதுதான் ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்தின் வேலை. ‘ஒரே நாடு’ என்று தொடங்கும் எதையும் நம் ஊரில் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள். இது தேர்தலோ ரேஷன் கார்டோ சம்பந்தப்பட்டதில்லை, நூலகச் சமாச்சாரம். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். உலகின் 30 பெரிய பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டுகிறது. அரசு உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுமாக 6,300-க்கு மேற்பட்ட இடங்களில் இருக்கும் சுமார் 1.8 கோடி பேர் படிக்கலாம். மாணவரோ ஆசிரியரோ ஒரு பைசா கட்ட வேண்டாம்.

ஆண்டுக்கு 2,000 கோடி என்பதை 1.8 கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு 1,100 ரூபாய் சொச்சம் வரும். தனியாளாகக் கட்டினால் அந்தப் பணத்தில் அரைக் கட்டுரைகூடக் கிடைக்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த உரிமை உங்களுக்கு வருவது உங்கள் பெயரால் அல்ல, உங்கள் கல்லூரியின் பெயரால். கல்லூரி பட்டியலில் இருக்க வேண்டும், பதிவு செய்திருக்க வேண்டும், நூலகர் வழி காட்ட வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் நீங்கள் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

முன்பு எப்படி இருந்தது

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது எங்கள் துறையில் அச்சடித்த தபால் அட்டைகள் ஒரு கட்டு இருக்கும். ‘ஐயா, உங்களுடைய கீழ்க்கண்ட கட்டுரையின் பிரதி ஒன்றை அனுப்பி உதவுங்கள்’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். கட்டுரையின் பெயர், இதழ், தொகுதி, பக்க எண் ஆகியவற்றை மட்டும் பேனாவால் நிரப்பி, விமானத் தபால் தலை ஒட்டிப் போட வேண்டும். ஆறேழு வாரம் கழித்து ஜெர்மனியிலிருந்தோ கனடாவிலிருந்தோ பழுப்பு உறை வரும். தபால் தலையை நெறியாளரின் மகன் கிழித்துக்கொண்டு போய்விடுவான், கட்டுரை எங்களுக்கு. வராமலே போனவைதான் அதிகம்.

இணையம் வந்த பிறகு தபால் அட்டை போயிற்று, வேலி போகவில்லை. ஒவ்வொரு அமைச்சகமும் தன் தன் நிறுவனங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பு வைத்துச் சந்தா வாங்கியது. பல்கலைக்கழகங்களுக்கு ‘இ-ஷோத்சிந்து’, வேளாண்மைக்கு ‘செரா’, உயிரித் தொழில்நுட்பத்துக்கு ‘டெல்கான்’, மருத்துவத்துக்கு ‘எர்மெட்’ என்று இப்படிப் பத்து. வேளாண் மாணவனுக்குப் பயிர் நோய் இதழ் திறக்கும், பக்கத்து அறை வேதியியல் இதழ் திறக்காது. எல்லாம் சேர்ந்தும் 2,500 நிறுவனங்களுக்கு 8,100 இதழ்கள் என்ற அளவில்தான் நின்றது. அதிலும் ஐ.ஐ.டி.க்கு ஒரு பந்தி, மாவட்டத் தலைநகரின் அரசுக் கலைக் கல்லூரிக்கு வேறு பந்தி. நம் தருமபுரி மாணவி போன்றவர்கள் பெரிய நிறுவனத்தில் படிக்கும் அக்கா அண்ணன்களுக்கு வாட்ஸப்பில் தலைப்பை அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள்.

இன்னும் சிலர், கட்டணக் கட்டுரைகளைப் பதிப்பகத்தின் அனுமதி இல்லாமல் இலவசமாகத் தரும் ‘சை-ஹப்’ தளத்தின் பக்கம் போனார்கள். ஊரறிந்த ரகசியம் அது. எல்சவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் ஆகிய மூன்று பதிப்பகங்களும் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. திருட்டு வழி என்று சொல்லிவிடலாம். நேர் வழியில் போகக் காசில்லாதவர்கள்தான் அங்கே போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

அளவுகோல் நிர்வாகம்தான். மத்திய அரசோ மாநில அரசோ நடத்தும் பல்கலைக்கழகம், கல்லூரி என்றால் உண்டு. மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் உண்டு. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையம் எல்லாம் அந்த வகை. பிஎச்.டி. மாணவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. பி.ஏ. பொருளாதாரம் முதலாண்டு படிப்பவருக்கும் அதே உரிமைதான்.

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்பதால் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். இணைப்பு போதாது, கல்லூரியை நடத்துவது அரசாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பவர்களில் பெரும்பாலோர் தனியார் சுயநிதிக் கல்லூரிகளில்தான் இருக்கிறார்கள் என்பதால், நம் மாநிலத்தில் இந்த வரம்பு நன்றாகவே உறைக்கும். தனியார் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே அரசுப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி.க்குப் பதிந்திருப்பவர், அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் என்ற முறையில் அதன் நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

வட்டார அரசு மருத்துவமனை டாக்டருக்கு? அவர் அரசு ஊழியர், படிப்பதோ மக்களுக்கு மருத்துவம் பார்ப்பதற்காக. ஆனாலும் மருத்துவமனை உயர்கல்வி நிறுவனம் ஆகாது; அவர் வெளியேதான் நிற்கிறார். அரசு மருத்துவக் கல்லூரியில் இருப்பவருக்கு மட்டும் திறக்கும். எனக்கு இது சரியாகப் படவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-இல் ‘காக்ரேன் நூலகம்’ என்ற மருத்துவச் சான்றுத் தொகுப்புக்கு நாடு முழுமைக்கும் சேர்த்துச் சந்தா கட்டியது. இணைய இணைப்பு உள்ள இந்தியர் யாரும் கடவுச்சொல் இல்லாமல் படிக்கும்படி அப்போதே செய்து காட்டிய நாடு இது.

திட்டம் மூன்று கட்டமாக வகுக்கப்பட்டிருக்கிறது. நடப்பது முதல் கட்டம். இரண்டாவதில் அரசு, தனியார் கூட்டு முறையில் தனியார் கல்லூரிகள் வர வேண்டும். மூன்றாவதில் பொது நூலகங்களில் இதற்கென ஒதுக்கிய இடங்கள் வழியாக எல்லாக் குடிமக்களும் படிக்கலாம். அது கைகூடினால் கன்னிமாராவிலோ மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ போய் உட்கார்ந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இயற்பியல் கட்டுரை படிக்க முடியும்.

எப்படித் திறப்பது

திட்டத்தை ஒருங்கிணைப்பது காந்திநகரில் உள்ள ‘இன்ஃப்லிப்நெட்’ மையம். பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் இயங்குவது. ‘ஷோத்கங்கா’ என்ற ஆய்வேட்டுக் களஞ்சியத்தை நடத்துவதும் இவர்கள்தான். திட்டத்துக்கென்று தனி இணையதளம் இருக்கிறது. முதலில் அங்கே உங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இருந்தால், வளாகத்துக்குள் வேலை எளிது. கல்லூரி இணைய இணைப்பின் அடையாள எண் (ஐ.பி. முகவரி) பதிப்பகங்களிடம் பதிவாகியிருக்கும். கல்லூரி இணைப்பில் உட்கார்ந்து எல்சவியரின் தளத்தையோ ஸ்பிரிங்கரையோ ஐ-டிரிபிள்-இ-யையோ திறந்தாலே முழுக் கட்டுரை வந்துவிடும். தனியாக நுழைய வேண்டியதே இல்லை. சோதித்துப் பார்க்க ஒரு வழி: கல்லூரி வைஃபையில் ஒரு கட்டுரையைத் திறங்கள், பிறகு வைஃபையை அணைத்துவிட்டு உங்கள் கைப்பேசி டேட்டாவில் அதே கட்டுரையைத் திறங்கள். முதலாவதில் கட்டுரையும் இரண்டாவதில் விலைப் பெட்டியும் வந்தால் திட்டம் உங்கள் கல்லூரியில் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

விடுதியிலிருந்தும் வீட்டிலிருந்தும் படிக்க ‘இன்ஃபெட்’ என்ற நுழைவு முறை உண்டு. பதிப்பகத்தின் தளத்தில் ‘நிறுவனம் வழியாக நுழைய’ என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும். அங்கே இன்ஃபெட்டைத் தேர்ந்து, கல்லூரிப் பெயரைத் தேர்ந்து, நூலகம் கொடுத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட வேண்டும். அந்தக் கணக்கைக் கல்லூரிதான் உருவாக்கித் தர வேண்டும். நிலையான ஐ.பி. முகவரி இல்லாத சிறிய கல்லூரிகளுக்கு இந்த வழி இன்னும் முக்கியம்.

இங்கேதான் கயிறு அறுகிறது. நூலகர் பணியிடம் காலியாகக் கிடக்கும் கல்லூரிகளில் வேறு யாரோ ஒரு பேராசிரியர் கூடுதல் பொறுப்பாக நூலகத்தைப் பார்த்துக்கொள்வார். தேர்வு வேலை, சேர்க்கை வேலைக்கு நடுவே இந்தக் கணக்குகளை உருவாக்க அவருக்கு நேரம் இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் பட்டியலில் பெயர் இருந்தும் ஒரு பருவம் முழுக்க யாருக்கும் தெரியவில்லை. சுற்றறிக்கை வந்து கோப்பில் பத்திரமாக இருந்தது. துறைத் தலைவர் மூலம் முதல்வருக்கு நாலு வரி மனு எழுதுங்கள். ‘திட்டத்தில் நம் கல்லூரி பதிவாகியிருக்கிறதா, மாணவர்களுக்கு இன்ஃபெட் கணக்கு எப்போது கிடைக்கும்’ என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

கிடைத்த பிறகு ஒரு கட்டுப்பாடு. ஒரு இதழின் பத்தாண்டுத் தொகுதியையும் மென்பொருள் வைத்து ஒரே இரவில் இறக்கிவிடலாம் என்று யாராவது ஒருவர் முயல்வார். பதிப்பகம் அதைக் கண்டுபிடித்தால் அவரை மட்டும் நிறுத்தாது, கல்லூரி முழுமைக்கும் கதவைச் சாத்திவிடும். கடவுச்சொல்லைத் தம்பிக்குக் கொடுப்பதும் ஒப்பந்த மீறல்தான்.

எழுதுபவருக்கும் கொஞ்சம் பணம்

படிக்க மட்டுமல்லாமல் எழுதவும் இதில் ஓர் உதவி இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லோரும் இலவசமாகப் படிக்கும் திறந்த அணுகல் இதழ்களில், வாசகருக்குப் பதிலாகக் கட்டுரையாளர் பணம் கட்ட வேண்டிவரும். ‘நேச்சர்’ இதழ் 2020-இல் இதற்காக அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. மாதம் 37,000 ரூபாய் வாங்கும் இளநிலை ஆய்வாளரின் ஏறத்தாழ இரண்டு ஆண்டு உதவித்தொகை அது! எல்லா இதழும் அவ்வளவு கேட்பதில்லை என்றாலும் லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். தேர்ந்தெடுத்த தரமான திறந்த அணுகல் இதழ்களில் வெளியிட, திட்டத்தின் பயனாளிகளுக்கு ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். பணம் கட்டினால் எதையும் போடும் போலி இதழ்களுக்கு இது செல்லாது. கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே அந்த இதழ் பட்டியலில் உண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தத் திட்டத்தைக் குறை சொல்பவர்கள் பிடிப்பதும் இப்படிப் பதிப்பகங்களுக்குப் போகும் பணத்தைத்தான். நம் விஞ்ஞானிக்குச் சம்பளம் தருவது மக்கள் வரிப்பணம். ஆய்வகமும் அதிலேதான் ஓடுகிறது. கட்டுரையைச் சரிபார்க்கும் பேராசிரியர் அதற்குப் பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. இப்படி விளைந்த நெல்லை மூட்டை கட்டி எடுத்துப்போய், நமக்கே கிலோக் கணக்கில் விற்கும் பதிப்பகத்துக்கு இன்னும் 6,000 கோடி கொடுக்க வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014-லேயே, தங்கள் நிதியில் நடந்த ஆய்வுகள் பொதுக் களஞ்சியத்தில் திறந்து கிடக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தன. அதை முனைந்து நிறைவேற்றியிருந்தால் சந்தாவின் தேவை குறைந்திருக்கும். நியாயமான வாதம். அதற்காக இப்போது படிக்கும் பிள்ளையின் மூன்று ஆண்டுகளை நிறுத்திவைக்க முடியாது என்பதால் நான் திட்டத்தின் பக்கமே நிற்கிறேன், முணுமுணுப்போடு.

பட்டியலில் இல்லாதவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மருத்துவக் கட்டுரைகளுக்கு ‘பப்மெட் சென்ட்ரல்’ இலவசம். இயற்பியல், கணிதத்தில் அச்சுக்கு முந்தைய வடிவங்கள் 1991 முதல் ‘ஆர்க்கைவ்’ தளத்தில் குவிகின்றன. பொருளாதார அறிஞர்கள் தங்கள் கட்டுரைகளின் முன்வடிவை ஆய்வறிக்கையாக வெளியே போட்டுவிடுவது வழக்கம். பெங்களூரு இந்திய அறிவியல் அகாதமியின் இதழ்களை அதன் தளத்தில் படிக்கக் காசு வேண்டாம். ‘அன்பேவால்’ என்ற உலாவிச் செருகியைப் போட்டுவைத்தால், ஒரு கட்டுரைக்குச் சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருக்கிறதா என்று அதுவே காட்டும். ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். அந்தத் தபால் அட்டையின் பேரப்பிள்ளை இது. பதில் ஆறு வாரத்தில் அல்ல, பல சமயம் அன்று மாலையே வந்துவிடுகிறது.

பட்டியலில் இருப்பவர்களும் நாளைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் 2027 டிசம்பர் வரைக்கும்தான். உங்கள் கணக்கோ நீங்கள் கல்லூரியில் இருக்கும் வரைதான். ஆய்வேட்டைக் கொடுத்து, நூலகத்தில் நிலுவை இல்லைச் சான்று வாங்கும்போதே பயனர் பெயரும் முடிவுக்கு வரும். நம் தருமபுரி மாணவி ஃப்ளோரைடு பற்றிய அறுபது கட்டுரைகளையும் அதற்கு முன்பே தன் பென் டிரைவில் இறக்கி வைத்துக்கொள்வாள்.