கரண்டிமூக்கு உள்ளானை எப்படி அடையாளம் காண்பது?

1980களில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் பறவைகளின் காலில் அடையாள வளையமிட்டு வந்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே பதிவான அரிய வரவுகளில் ஒன்று கரண்டிமூக்கு உள்ளான் என்ற சிறு கரைப்பறவை. சுமார் 30 கிராம் எடை. இன்று உலகம் முழுக்கத் தேடினாலும் சில நூறுதான் தேறும். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையான சுக்கோத்காவில் குஞ்சு பொரித்து, சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவிலுள்ள மஞ்சள் கடல் சேற்றில் இளைப்பாறி, குளிர்காலத்துக்கு மியான்மர், வங்கதேசக் கரைகளுக்கு வரும். கிட்டத்தட்ட 8,000 கிலோமீட்டர் பயணம். நம் கடற்கரை அதன் வழியில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது.

கண்டுபிடிப்பது எளிது என்று பெயர் சொல்லும். சொல்வதோடு சரி. அலகு மேலும் கீழும் தட்டையானது. பக்கவாட்டில் நின்றால் சாதாரணக் கறுப்பு அலகுதான் தெரியும். முகத்தை நம் பக்கம் திருப்பினால்தான் விரிந்த நுனி புலப்படும். போதாக்குறைக்கு, கூட்டமாக மேயும் இன்னொரு சிறு கரைப்பறவையான கொசு உள்ளானின் அலகில் கொஞ்சம் சேறு ஒட்டினால் தூரத்தில் அதுவும் கரண்டிதான்!

நம்பத்தக்கது மேய்ச்சல். கொசு உள்ளான் தையல் இயந்திர ஊசியாகச் சேற்றைக் குத்தும். கரண்டிமூக்கு, அலகைக் கூழ்ச்சேற்றில் அமிழ்த்தி, தலையை இடவலமாக ஆட்டியபடியே நடக்கும். சில சமயம் சேற்றை முன்னால் தள்ளும். அகன்ற நுனி கலக்கக் கலக்கச் சேறு இளகி, ஒளிந்திருக்கும் புழுவும் குட்டி இறாலும் வெளிப்படுகின்றன என்பதே களத்தில் பார்த்தவர்களின் விளக்கம்.

இந்த அலகு, உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸையே ஏமாற்றியது. 1758இல் இதைக் கரண்டிவாயனின் பேரினமான பிளாட்டாலியாவில் சேர்த்தார். வாழிடம் தென்னமெரிக்காவின் சுரினாம் என்றும் எழுதினார். இரண்டும் பிழை. கரண்டிவாயன் நீரைத் துழாவி, அலகில் பட்ட இரையைக் கவ்வும் பெரிய பறவை, உறவே வேறு. பிறகு இதற்கெனத் தனிப் பேரினம் வந்தது, இப்போது கொசு உள்ளானோடு சேர்ந்து கலிட்ரிஸ் பேரினத்தில் இருக்கிறது. பேரினம் எத்தனை முறை மாறினாலும் லின்னேயஸ் சூட்டிய ‘பிக்மியா’ போகாது. முதலில் வைத்த சிற்றினப் பெயருக்கே உரிமை என்பது விதி.

ஆகவே கோடியக்கரையில் சந்தேகம் வந்தால் ஒரு படத்தோடு நிறுத்த வேண்டாம். மேய்வதைக் காணொளியாக எடுங்கள். காலில் எழுத்துப் பொறித்த பச்சைப் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். சுக்கோத்காவில் சில பறவைகளுக்கு அப்படி மாட்டி அனுப்புகிறார்கள்.