மரத்தரையை இழைக்கும் முன் ஒரு சொட்டுத் தண்ணீர்

"தரை பாழாப்போச்சு, முழுசா இழைச்சிடுங்க" என்று சொல்லித்தான் பெரும்பாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் வாசலருகே, சோபாவுக்கு முன்னால், நடமாட்டம் உள்ள இடம் மட்டும் மங்கிக் கிடக்கும். கட்டிலை நகர்த்தினால் அடியில் தரை பளபளவென்று இருக்கும். மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது, தேய்ந்தது மேல்பூச்சுதான்.

ஒவ்வொரு முறை இழைக்கும்போதும் மரமே கொஞ்சம் குறைகிறது. முழு மரப்பலகையிலேயே இழைக்கக் கிடைப்பது சில மில்லிமீட்டர்தான். ஒட்டுப்பலகை மேல் மரத்தகடு ஒட்டிய தரை என்றால், தகடு மிக மெலிதாக இருந்தால் ஒருமுறைகூட இழைக்க முடியாது.

அதனால் நான் முதலில் எடுப்பது தண்ணீரைத்தான். மங்கிய இடத்தில் ஒரு சொட்டு. சில நிமிடம் முத்துப்போல நின்றால் பூச்சு உயிரோடு இருக்கிறது. மேலே இன்னொரு கோட் போதும். சட்டென்று உறிஞ்சி மரம் கருத்தால் அங்கே பூச்சு போய்விட்டது. பலகையே சாம்பல் நிறமாகியிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. அதை எந்தக் கோட்டும் மறைக்காது. கீறல்களுக்கு நகமே கருவி. நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறல் புதுப்பூச்சுக்குப் பிறகும் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

பெரிய வில்லன் மெழுகும் பாலிஷும். அவற்றின் மேல் புதுப்பூச்சு பிடிக்காது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில், "எதுவும் போட்டதில்லை" என்றார்கள், நம்பினேன். இரண்டு வாரத்தில் நாற்காலிக் காலடியில் பூச்சு, வெயிலில் உரியும் தோல் மாதிரி சுருண்டு வந்தது. சுத்தம் செய்யும் பொருட்களோடு பாதி காலியான பாலிஷ் பாட்டில் அங்கேயே இருந்தது. பொய் சொல்லவில்லை, அதை ஏதோ சோப்பு என்று நினைத்திருக்கிறார்கள். மொத்தத்தையும் என் செலவில் திரும்பச் செய்தேன்.

இப்போது துணியில் டர்பென்டைன் நனைத்து மூலையில் தேய்த்துப் பார்க்கிறேன். மஞ்சள் பழுப்பாக வழவழவென்று வந்தால் மெழுகு. சிலிகான் கலந்த பாலிஷ் இப்படிக் காட்டிக்கொடுக்காது. எனவே அலமாரி மறைவில் ஒரு அடி இடத்தைத் துடைத்து, தேய்த்து, பூச்சு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு நாணய விளிம்பால் சுரண்டுவேன். செதில் செதிலாகப் பெயர்ந்தால் அந்த வேலையை எடுப்பதில்லை.

தேறினால் மிச்சம் எளிது. தரையைத் துடைத்துக் காயவிட்டு, 150ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு முழுக்க மங்கும்வரை லேசாகத் தேய்க்க வேண்டும். மரம்வரை போக வேண்டாம். புதுப்பூச்சு பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பு தேவை, அவ்வளவுதான். ஓரங்களைக் கையால் தேய்ப்பதுதான் இடுப்பை ஒடிக்கும். அப்புறம் வேக்குவம், லேசான ஈரத்துணி, மின்விசிறியை அணைத்துவிட்டு ஒரு மெல்லிய கோட். பளபளப்பான பூச்சில் சின்னக் கீறலும் தெரியும். குழந்தைகள், நாய் உள்ள வீட்டுக்கு மங்கல் ரகமே மேல்.

எண்ணெய் சார்ந்த பூச்சு துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடாகும்; குவியலில் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். நான் வெளியே தனித்தனியாக விரித்துக் காயவைப்பேன், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுவேன்.

தண்ணீர் சார்ந்த பூச்சு சில மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. ஆனால் உள்ளே முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும். பூச்சு டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் நாள் கணக்கு கழியும்வரை கம்பளம் விரிக்க வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிட்டு வருகிறேன். அப்படியும் மூன்றாம் நாளே போன் வரும்: "நல்லாத்தானே காஞ்சிருக்கு, விரிச்சுடலாமா?"