கையில் தூக்கிக் காட்டும் அந்த இரண்டு நொடி

வீட்டிலேயே எடுக்கும் விமர்சன வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கெடுகின்றன. பேசிக்கொண்டிருப்பவர் பொருளைத் தூக்கி கேமராவுக்கு நேராக நீட்டுகிறார். ஃபோகஸ் முகத்துக்கும் பொருளுக்கும் நடுவே தடுமாறுகிறது. பெட்டி வெள்ளையாக இருந்தால் முகம் சட்டென்று இருண்டுபோகிறது. பளபளப்பான பரப்பில் விளக்கின் வெளிச்சம் திட்டாக விழுந்து, அச்சிட்ட எழுத்தை மறைக்கிறது. பார்ப்பவர் காத்திருந்ததே அந்த இரண்டு நொடிக்காகத்தான்.

முதலில் ஃபோகஸ். முழு ஃபிரேம் (பெரிய சென்சார் கொண்ட) கேமராவில் 50 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப் 1.8 அளவுக்கு (எண் சிறிதானால் துவாரம் பெரிது) அகலத் திறந்து, 1 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 4 செ.மீ. மட்டுமே. கண் தெளிவாக இருக்கும்போதே காது மங்கிவிடும். கையை நீட்டினால் பொருள் முகத்துக்கு 30, 40 செ.மீ. முன்னால் போய் நிற்கும்; இரண்டும் ஒன்றாகத் தெளிவாக விழ வாய்ப்பே இல்லை. எஃப் 5.6க்குச் சுருக்கினால் ஆழம் 13 செ.மீ. ஆகும். பொருளைக் கன்னத்தை ஒட்டிப் பிடித்துக் காட்டினால் இதற்குள் இரண்டையும் அடக்கிவிடலாம். கைபேசி கேமராவின் சென்சார் சிறியது, லென்ஸின் குவியத்தூரம் சில மில்லிமீட்டர்தான். அதனால் ஆழம் தானாகவே கூடுதலாகக் கிடைக்கும். இந்த வேலைக்குக் கைபேசியே போதும் என்று தயங்காமல் சொல்லலாம்.

எஃப் 1.8இலிருந்து 5.6க்குப் போனால் உள்ளே வரும் ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஐ.எஸ்.ஓ.வை, அதாவது ஒளிக்கான கேமராவின் உணர்திறனை, ஏற்றி ஈடுகட்டினால் படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் தெரியும். அதைவிட விளக்கை அருகே கொண்டுவருவது மேல். சிறிய விளக்கின் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், 2 மீட்டரில் இருந்ததை 1 மீட்டருக்கு நகர்த்தினாலே நான்கு மடங்கு கிடைத்துவிடும்.

இதே விதி எதிராகவும் திரும்பும். முகத்துக்கு நேர் எதிரே 60 செ.மீ.யில் விளக்கு இருக்கிறது, பொருளை விளக்கை நோக்கி 30 செ.மீ. நீட்டுகிறீர்கள் என்றால், பொருளின் மேல் விழும் ஒளி முகத்தில் விழுவதைப் போல நான்கு மடங்கு. பொருள் வெளிறிப்போவதற்குக் காரணம் இதுதான். விளக்கைப் பக்கவாட்டில், முகத்துக்கும் பொருள் வந்து நிற்கும் இடத்துக்கும் ஏறக்குறைய சம தூரத்தில் வையுங்கள். 1 மீட்டர் தள்ளி, தலைக்கு மேலே, 45 பாகைச் சரிவில் இருந்தால் நல்லது.

அந்த உயரத்தால் இன்னொரு பயனும் உண்டு. பட்ட கோணத்திலேயே ஒளி பிரதிபலிக்கும். மேலிருந்து வருவது கீழ்நோக்கிப் போய்விடும், லென்ஸுக்குள் வராது. மீதி பளபளப்பைப் பொருளின் மேல் விளிம்பைச் சற்றே கேமரா பக்கம் சாய்த்துப் போக்கலாம். லென்ஸைச் சுற்றி மாட்டும் வளைய விளக்கு இதற்கு நேர்மாறு: ஒளி வந்த வழியே திரும்பி, பெட்டியிலும் மூக்குக்கண்ணாடியிலும் வெள்ளை வட்டமாக நிற்கும். ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலரைசர் ஃபில்டரை லென்ஸில் மாட்டினால், அது கண்ணாடி, பிளாஸ்டிக் பிரதிபலிப்பைக் குறைக்கும், உலோகத்தில் பெரிதாக உதவாது. எல்.சி.டி. திரையிலிருந்து வரும் ஒளி முன்பே முனைவாக்கப்பட்டது, அதாவது ஒரே திசையில் அதிர்வது என்பதால், ஃபில்டரைத் திருப்பும்போது திரையே கறுப்பாகத் தெரியக்கூடும்.

படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடினால் மின்சாரத்தைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். சென்சார் வரிவரியாகப் படிப்பதால் ஒவ்வொரு வரிக்கும் வேறு வெளிச்சம் கிடைக்கிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்தினால் ஒவ்வொரு வரிக்கும் முழு ஏற்ற இறக்கங்கள் கிடைத்து, பட்டை மறையும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. அப்படியும் போகவில்லையா? மங்கவைக்கும் டிம்மரே விளக்கை வேறு வேகத்தில் அணைத்து அணைத்து எரியவிடுகிறது. முழு வெளிச்சத்தில் வைத்து, தேவைக்கேற்பத் தள்ளி வையுங்கள்.

வெள்ளைப் பெட்டியைக் கண்டதும் முகம் இருள்வது ஆட்டோ எக்ஸ்போஷரின் (படத்தின் வெளிச்ச அளவைக் கேமராவே தீர்மானிக்கும் அமைப்பு) வேலை: எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்கு இழுக்கப் பார்க்கும். பொருளைத் தூக்குவதற்கு முன்பே, முகம் சரியாகத் தெரியும்போது எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுங்கள். கைபேசியில் திரையை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் பூட்டு விழும். வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டவேண்டும். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: ஜன்னல் வெளிச்சம் 5500 கெல்வினுக்கு மேல், மஞ்சள் பல்பு 2700. இரண்டும் கலந்தால் எந்த அமைப்பாலும் நிறம் சரியாகாது. ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடிவிடுங்கள், அல்லது பல்பை அணையுங்கள். பொருளின் நிறம் உண்மையாகத் தெரிய சி.ஆர்.ஐ. (நிறங்களை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு) 95க்கு மேலுள்ள விளக்கு வேண்டும்.

ஒலிக்கு, மைக் வாயிலிருந்து 20 முதல் 30 செ.மீ.க்குள் இருக்கட்டும். தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபல் இறங்கும், அறையின் எதிரொலியோ அப்படியே நிற்கும். பதிவின் ஒலி அளவுகாட்டியில் உரத்த சொல் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். தனியாக ஒலிப்பதிவு செய்தால் 48 கிலோஹெர்ட்ஸில் வைத்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டுங்கள்; பிறகு ஒலியைப் படத்தோடு பொருத்த அது உதவும். கைபேசி வீடியோவில் ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருப்பதுண்டு; நிலையான வேகத்துக்கு மாற்றாமல் எடிட்டிங்கில் சேர்த்தால் பத்து நிமிடத்துக்குள் உதடும் குரலும் விலகிவிடக்கூடும்.

பொருள் நிற்கவேண்டிய இடத்துக்கு நேர் கீழே மேசையில் ஒரு டேப் துண்டை ஒட்டி, அதற்கு மேலேயே தூக்கிக் காட்டுங்கள்.